படைத்தவன் யார்?

ஒரு காரியம் நன்றாக முடிந்தால் ‘நான் செய்தேன்’ என்று சொல்லவும், அது கெட்டுவிட்டால் ‘நான் என்ன செய்வது?’ என்று கையை விரிக்கவும் மனித மனம் இயல்பாகவே பழகியிருக்கிறது. இந்தப் பழக்கத்தைத் தலைகீழாகத் திருப்புவதே ஆன்மிக சாதனையின் பெரும்பகுதி. புகழைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளாமல் உரிய இடத்திற்கு அனுப்புவதும், பொறுப்பைத் தட்டிக்கழிக்காமல் தன் தோளில் ஏற்பதும் பக்குவப்பட்ட உள்ளத்தின் அடையாளங்கள்.

இந்தப் பழைய உண்மையை ஓவியக்கலையில் எழுந்துள்ள ஒரு புதிய கேள்வி மீண்டும் நினைவூட்டுகிறது. சில சொற்களைத் தட்டச்சு செய்தால் போதும். செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் ஒரு முகத்தை, ஒரு கதாபாத்திரத்தை, முழு உலகம் ஒன்றையே வரைந்து தருகிறது. அப்படிப் பிறந்த உருவத்தைப் படைத்தவர் யார்? சொல்லைத் தந்த மனிதரா? இயந்திரமா? இயந்திரத்தைச் செய்தவர்களா? அல்லது எவருடைய ஓவியங்களைப் பார்த்து இயந்திரம் கற்றதோ, அந்தப் பெயர் தெரியாத லட்சக்கணக்கானவர்களா?

ஒரு பெயர், பல கைகள்

இக்கேள்வியைச் சிந்திக்கத் திருவனந்தபுரம் மிகப் பொருத்தமான நகரம். அங்குள்ள அருங்காட்சியக வளாகத்தில் 1935இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத்தின் பெருமையே ராஜா ரவி வர்மாவின் ஓவியங்கள்தான். அன்னத்திடம் நளனைப் பற்றிக் கேட்டுத் தன்னை மறந்து நிற்கும் தமயந்தியும், காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோலத் திரும்பித் துஷ்யந்தனைத் தேடும் சகுந்தலையும் அந்தச் சேகரிப்பைச் சேர்ந்தவர்களே.

தமயந்தி யாருடைய படைப்பு? அவளது கதை மகாபாரதத்தின் வனபர்வத்தில் வருகிறது. ஸ்ரீஹர்ஷர் அதை வடமொழிக் காவியமாக விரித்தார். புகழேந்திப் புலவர் நளவெண்பாவாகப் பாடினார். அதிவீரராம பாண்டியர் நைடதமாக்கினார். கேரளத்தில் உண்ணாயி வாரியர் அதைக் கதகளி மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த நெடிய வரிசையின் முடிவில் ரவி வர்மா அவளுக்குச் சிவப்புப் புடவை உடுத்தி, கண்ணால் காணும் உருவம் கொடுத்தார். இன்று தமயந்தி என்றதும் பலரது மனக்கண்ணில் தோன்றுவது அந்த உருவமே.

அந்த ஓவியரின் கையும் தனித்த ஒரு கை அன்று. 1848இல் கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா, சுவரில் கிறுக்கிய படங்களைக் கண்டு அவரது திறமையை முதலில் உணர்ந்தவர் தாய்மாமனான ராஜ ராஜ வர்மா. பதினான்கு வயதில் அவர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துவரப்பட்டார். ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆதரவளித்தார். எண்ணெய் வண்ணம் தீட்டும் முறையைக் கற்பிக்க அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் மறுத்துவிட, அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவு வேளைகளில் மறைவாக வந்து கற்பித்தார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சன், தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டுமே அனுமதித்தார். பிற்காலத்தில் தம்பி சி. ராஜ ராஜ வர்மா பல படங்களின் பின்னணிக் காட்சிகளைத் தீட்டி, அண்ணனின் பயணங்களிலும் பணியிலும் உடனிருந்தார். தேவியராகவும் நாயகியராகவும் வரையப்படுவதற்காக மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்த பெண்கள் பலரின் பெயர்கள்கூட இன்று தெரியா.

மறைவாகக் கற்பித்த ஆறுமுகம் பிள்ளையின் பெயரைச் சொல்வோர் எத்தனை பேர்? படத்தின் மூலையில் இருப்பது ஒரு கையொப்பம். படத்தின் உள்ளே இருப்பவை பல கைகள்.

அச்சு இயந்திரம் எழுப்பிய கேள்வி

ரவி வர்மாவின் வாழ்விலேயே இயந்திரமும் குறுக்கிட்டது. எல்லோரும் கேட்கும் படங்களைத் தம் கையால் வரைந்து தர ஒருவரால் இயலாது. ஆகவே சிறந்தவற்றை வண்ண அச்சில் பதிப்பித்துப் பரப்பலாம் என்று யோசனை கூறியவர் கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ். 1894இல் மும்பையில் ரவி வர்மாவின் அச்சகம் தொடங்கியது. ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் அதில் பணியாற்றினர். பின்னர் அது லோனாவாலா அருகிலுள்ள மளவலிக்கு மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஜெர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைகரின் கைக்குச் சென்றது.

அதன்பின் அந்தத் தெய்வ உருவங்கள் ஓவியரின் கட்டுக்குள் இல்லை. ஏழையின் குடிசையிலும் செல்வரின் மாளிகையிலும் லட்சுமியும் சரஸ்வதியும் ஒரே முகத்துடன் எழுந்தருளினர். அதே உருவங்கள் வியாபார விளம்பரங்களிலும் நாட்காட்டிகளிலும் ஏறின. பக்தர்கள் அச்சுப்படத்தின் மேல் சரிகையும் துணியும் ஒட்டித் தேவிக்கு ஆடை அணிவித்தனர். அந்தப் பெண்மணி ஒட்டிய சரிகைக்கு உரியவர் யார் என்று ரவி வர்மாவைக் கேட்டால் அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்?

தமிழகத்திலும் இதே கதை தொடர்ந்தது. ரமணாசிரமத்தில் சில காலம் வாழ்ந்து பின்னர் கோவில்பட்டியில் தங்கிய ஓவியர் சி. கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே எண்ணற்ற பூஜை அறைகளை அடைந்தன. குருவும் சீடரும் சேர்ந்து கையொப்பமிட்ட படங்களும் அவற்றில் உண்டு. ஒரு படத்துக்கு இரண்டு கர்த்தாக்கள் இருக்கலாம் என்பதை அந்தக் கூடத்தில் எவரும் விவாதமாக்கவில்லை. அது நன்றியின் இயல்பான வெளிப்பாடாகவே இருந்தது.

கற்றுக்கொடுத்த இயந்திரமும் தானே கற்ற இயந்திரமும்

அச்சு இயந்திரம் இருந்ததைப் பெருக்கியது; புதிதாக ஒன்றையும் வரையவில்லை. இயந்திரத்தையே வரைய வைக்க முடியுமா என்று தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஹெரால்டு கோஹன். 1966இல் வெனிஸ் கலைவிழாவில் பிரிட்டனின் சார்பில் பங்கேற்ற புகழ்பெற்ற ஓவியரான அவர், 1968இல் கலிபோர்னியா சென்று கணிப்பொறியின்பால் ஈர்க்கப்பட்டார். ‘ஆரோன்’ என்ற நிரலை உருவாக்கி, 2016இல் மறையும்வரை அதைச் செப்பனிட்டு வந்தார். முதலில் கோடுகள் மட்டும் வரைந்த ஆரோன், 1980களில் மனித உருவங்களை வரைந்தது. 1990களில் வண்ணமும் தீட்டியது. ஆனால் கோடு எப்படிச் செல்ல வேண்டும், உடலின் எந்த உறுப்பு எதற்குப் பின்னால் மறையும் என்ற ஒவ்வொரு விதியையும் கோஹனே எழுதினார். குரு சீடனுக்குக் கற்பித்த முறை அது.

2022ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் கைக்கு வந்துள்ள செயற்கை நுண்ணறிவின் வழி வேறு. அதற்கு எவரும் விதிகளை எழுதித் தருவதில்லை. இணையத்திலிருந்து திரட்டிய படங்களும் அவற்றின் விளக்கச் சொற்களும் அதற்கு ஊட்டப்படுகின்றன. இத்தகைய பயிற்சிக்கென 2022இல் வெளியான ‘லயான்-5பி’ என்ற பட்டியலில் மட்டும் சுமார் 585 கோடிப் படங்களின் இணைப்புகள் இருந்தன. படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகளைக் கலந்து குலைத்து, பின் அவற்றை நீக்கும் வித்தையை இயந்திரம் கற்கிறது. கற்றபின், வெறும் புள்ளிக் குவியலிலிருந்து, கொடுத்த சொற்களுக்கு ஏற்ற உருவத்தைப் படிப்படியாகத் துலக்குகிறது.

1990இல் டெக்னோபார்க் தொடங்கிய திருவனந்தபுரத்தில் இன்று ஓர் இளம் ஓவியர் கணிப்பொறி முன் அமர்ந்து ‘அன்னத்துடன் பேசும் தமயந்தி’ என்று எழுதினால், திரையில் தோன்றும் பெண்ணிடம் ரவி வர்மாவின் சாயல் தெரிந்தால் வியப்பில்லை. அதே சொற்களை மறுமுறை கொடுத்தால் வேறொரு முகம் வரும். முதல் முகத்தை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டாவது முகத்தையும் நினைக்கவில்லை. தாம் நினைத்திராத முகத்தை ‘என் பாத்திரம்’ என்று அந்த ஓவியர் சொல்லலாமா? ஆயிரம் முகங்களைத் தள்ளிவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேர்வு படைப்பாகுமா?

சட்டம் சொல்வது

சட்டத்திற்கும் இக்கேள்வி எளிதாக இல்லை. ‘விடியலின் ஸர்யா’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் ஆங்கிலப் படக்கதையின் உருவங்களைச் செயற்கை நுண்ணறிவு வரைந்திருந்தது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், கதையின் எழுத்துக்கும் படங்களை அடுக்கிய ஒழுங்குக்கும் ஆசிரியையின் உரிமையை ஏற்றது. தனித்தனிப் படங்களுக்கு மறுத்தது. அந்நாட்டின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் 2022இல் பரிசு பெற்ற ஒரு படத்துக்கு, குறைந்தது 624 முறை கட்டளைச் சொற்களைத் தந்து திருத்தியதாக அதை அனுப்பியவர் தெரிவித்தார். ஆயினும் அவருக்கும் உரிமை மறுக்கப்பட்டது.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994இல் செய்த திருத்தத்தின்படி, கணிப்பொறியால் உருவாகும் படைப்புக்கு ஆசிரியர், அது உருவாகக் காரணமானவர். ‘காரணமானவர்’ என்ற சொல்லில்தான் தத்துவமே அடங்கியிருக்கிறது. ஒரு செயலுக்குக் காரணம் ஒன்றுதானா?

ஐந்து காரணங்கள்

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதற்கு நேரடியாக விடையளிக்கிறது. எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறார் பகவான்: செயலுக்கு இடமாகிய அதிஷ்டானம், செய்பவனாகிய கர்த்தா, கருவிகளாகிய கரணங்கள், பலவகை இயக்கங்களாகிய சேஷ்டைகள், ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வாறிருக்கத் தன்னை மட்டுமே கர்த்தா என்று எண்ணுபவன் உள்ளதை உள்ளபடி காணாதவன் என்றும் அங்கே கூறப்படுகிறது.

இந்தப் பகுப்பை ரவி வர்மாவின் ஓவியத்தில் வைத்துப் பார்க்கலாம். உடலும் ஓவியசாலையும் அதிஷ்டானம். தூரிகையும் வண்ணமும் கண்ணும் கையும் கரணங்கள். பயிற்சியும் உழைப்பும் சேஷ்டை. ஆறுமுகம் பிள்ளை ஓர் இரவு மனமிரங்கி வந்தது தெய்வத்தின் செயல் அன்றி வேறென்ன? ஐந்தில் ஒன்று மட்டுமே ‘நான்’.

செயற்கை நுண்ணறிவு வரைந்த உருவத்திலும் இந்த ஐந்தையும் காணலாம். கணிப்பொறிகளும் அவற்றை இயக்கும் மின்சாரமும் இடம், சொல்லைத் தந்தவர் கர்த்தா, நிரலும் கோடிக்கணக்கான பழைய படங்களும் கருவி, கணக்கீடுகள் இயக்கம். எவரும் முன்கூட்டி அறியாத ஒன்றும் அங்கே கலக்கிறது. வெறும் தற்செயலைத் தெய்வம் என்று சொல்லிவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் ‘எல்லாம் என் திட்டப்படியே நடந்தது’ என்று மார்தட்ட இடமில்லை என்பதை அது காட்டிவிடுகிறது. தூரிகை பிடித்தபோது மறைந்திருந்த உண்மை, இயந்திரம் வந்தபின் வெளிப்படையாகிவிட்டது, அவ்வளவே.

முதல்வன் ஒருவனே

தமிழ் மரபு இதை வேறொரு வாயிலிலிருந்து சொல்லியிருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுக்கிறது. வினைக்கட்டு இல்லாத, நிறைந்த அறிவுடைய இறைவன் அருளியதே முதல்நூல். மற்றவர் செய்பவை எல்லாம் அதன் வழியில் வருபவை அல்லது சார்ந்து நிற்பவை. முழுமையான ‘சொந்தப் படைப்பு’ என்ற பட்டத்தை மனிதருக்கு அளிக்க இலக்கண ஆசிரியர்கள் அவசரப்படவில்லை!

அதற்காக மனிதரின் பங்கை அவர்கள் ஒதுக்கிவிடவும் இல்லை. வழிநூல் என்பது முன்னோர் சொன்னதை அப்படியே நகலெடுப்பதன்று. தன் நோக்கில் கண்ட வேறுபாட்டையும் அது தர வேண்டும். நூலின் முகப்பாகிய பாயிரத்தில் ஆக்கியோன் பெயரும், அந்நூல் எந்த வழியில் வந்தது என்பதும் இடம்பெற வேண்டும் என்றும் விதித்தார்கள். ஆனால் அந்தப் பாயிரத்தை ஆசிரியனே எழுதுவது முறையன்று. அவனுடைய குருவோ, உடன் கற்றவனோ, மாணவனோ, உரைகாரனோதான் எழுத வேண்டும்.

இம்மூன்று விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுக்கநெறி முழுமையாகத் தெரிகிறது. உன் பெயரைச் சொல். பிழை நேர்ந்தால் உலகம் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும். நீ வந்த வழியைச் சொல், கடன்பட்டதை மறைக்காதே. புகழ்ச்சியை மட்டும் உன் வாயால் சொல்லாதே.

இன்றைய இயந்திரம் தரும் உருவங்களில் முதலில் காணாமற்போவது இந்த ‘வழி’தான். எவருடைய உழைப்பைப் பருகி அது வளர்ந்ததோ அவர்களுடைய பெயர் எங்கும் இல்லை. பலரிடம் ஒப்புதல் கேட்கப்படவும் இல்லை. முந்தைய ஓவியர்களின் கடனை எல்லாக் கலைஞரும் சுமக்கிறார்கள். ஆனால் கடன் என்று அறிந்து சுமப்பது நன்றி. அறியாமல் அள்ளிக்கொள்வது வேறு.

ஜடத்தின் மௌனமும் ஞானியின் மௌனமும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். கர்த்தா என்ற அபிமானம் இல்லாமல் செயலாற்றுவதே கர்மயோகம் என்றால், இயந்திரமல்லவா தலைசிறந்த கர்மயோகி? அது புகழை விரும்புவதில்லை, பலனைக் கேட்பதில்லை, ‘நான்’ என்று எண்ணுவதும் இல்லை.

கல்லும் பேசுவதில்லை, ஞானியும் மௌனமாக இருக்கிறார். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. கல்லிடம் சொல் இல்லை. ஞானி சொல்லைக் கடந்திருக்கிறார். துறப்பதற்கு ஒன்று இருப்பவனே துறவி. அகங்காரம் தோன்றவே இடமில்லாத இயந்திரத்திடம் அகங்காரம் இல்லாமை ஒரு குணமாகாது.

நம் சிற்பிகளின் சாதனை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். தெய்வத் திருவுருவின் முகம், கைகள், ஆயுதங்கள், முத்திரைகள் அனைத்தையும் தியான சுலோகம் சொற்களால் விவரிக்கிறது. அந்த வகையில் அதுவும் சொற்களால் ஆன ஒரு கட்டளையே. ஆனால் சிற்பி அதைக் கல்லிடம் சொல்வதில்லை. தன் உள்ளத்திடம் சொல்கிறான். நியமங்களுடன் இருந்து, உருவம் அகக்கண்ணில் துலங்கும்வரை தியானித்து, பிறகே உளியை எடுக்கிறான். கல் சிலையாகும்போது சிற்பியும் செதுக்கப்படுகிறான். கோயில் கோயிலாகப் பெயர் பொறிக்காமல் மறைந்த சிற்பிகள், பெயரை இழந்தார்களேயன்றித் தங்களை இழக்கவில்லை.

ஆகவே புதிய கருவியைக் கையாளும் ஓவியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘இந்தப் படம் என்னுடையதா?’ என்பது மட்டுமன்று. ‘இதைச் செய்ததனால் என் பார்வை கூர்மையடைந்ததா, என் உள்ளம் சற்றேனும் தூய்மையடைந்ததா?’ என்பதும் கேட்கத்தக்கது. பல நாள் ஒரு பாத்திரத்தோடு வாழ்ந்து, இயந்திரம் தந்த நூறு முகங்களில் ‘இது அவளல்ல’ என்று மறுத்து மறுத்து உண்மையான ஒன்றைத் தேடுபவரிடம் சாதனையின் ஒரு கூறு இருக்கிறது. வந்ததை வாரிக்கொண்டு பெயர் போட்டுக்கொள்பவரிடம் அது இல்லை. கருவி ஒன்றே, வேறுபாடு உள்ளத்தில்.

விட வேண்டியதும் ஏற்க வேண்டியதும்

புகழ் யாருக்கு என்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 2023 நவம்பரில், ஒரு திரைப்பட நடிகையின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய போலிக் காணொளி நாடெங்கும் பரவியது. அதனால் அவமானம் அடைந்தது இயந்திரம் அன்று, உயிருள்ள மனிதர்கள். இத்தகைய தருணத்தில் ‘நான் செய்யவில்லை, இயந்திரம் செய்தது’ என்று சொல்வது எவ்வளவு எளிது! ‘எல்லாம் அவன் செயல்’ என்ற உயர்ந்த வாக்கியத்தைத் தன் சோம்பலுக்கும் தவறுக்கும் போர்வையாக்கும் அதே பழைய மனம்தான் இங்கும் பேசுகிறது.

கர்த்தா என்ற கர்வத்தை விடுக என்று சாத்திரம் சொன்னபோது, கடமையை விடுக என்று அது சொல்லவில்லை. கருவியாக மட்டும் இருக்கும்படி அர்ஜுனனுக்கு அருளிய பகவான்தான், களத்தை விட்டு அவன் ஓடவும் விடவில்லை. இயந்திரத்தால் பெருமைப்படவும் முடியாது, வருந்தவும் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் முடியாது. இம்மூன்றும் மனிதருக்கே இயலும். அவற்றுள் முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வைத்துக்கொள்பவரே பண்பட்ட கலைஞர்.

ஓவியருக்கு மட்டும் உரிய நெறியன்று இது. கணிப்பொறியின் துணையால் கடிதம் எழுதும் அலுவலர், பாடம் தயாரிக்கும் ஆசிரியர், நோய்க்குறிப்பு எழுதும் மருத்துவர் ஆகிய எவருக்கும் இதே கேள்வி இன்று எதிர்ப்படுகிறது. நன்மை விளைந்தால், ‘இதில் பலருடைய கைகள் உள்ளன’ என்று சொல்லும் பணிவு வேண்டும். தீமை விளைந்தால், ‘இதை வெளியிட்டவன் நான்’ என்று சொல்லும் துணிவு வேண்டும்.

படத்தின் மூலையில் இடும் கையொப்பம் அப்போதுதான் தன் உண்மைப் பொருளைப் பெறும். அது ‘இது என்னுடையது’ என்ற உரிமை முழக்கமாக இராது. ‘இதற்கு நான் பதில் சொல்வேன்’ என்ற உறுதிமொழியாக இருக்கும். படைத்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் எங்கும் கையொப்பம் இடுவதில்லை. அவனது படைப்பில் ஒரு சிறு பங்கேற்கும் வாய்ப்புப் பெற்றவர்கள், பெற்றதற்கு நன்றியும் செய்ததற்குப் பொறுப்பும் உடையவர்களாக இருந்தால் போதும். கையிலிருப்பது தூரிகையோ கணிப்பொறியோ, அந்தச் செயல் வழிபாடாகிவிடும்.